படகில் டீசல் எவ்வளவு?

நம் நெய்வேலிக்குக் கிழக்கே கடலூர். அங்கே தேவனாம்பட்டினத்துக் கரையில் பைபர் படகுகள் வரிசையாக நிற்கும். 2004 ஆழிப் பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் இவையே பிடித்துக்கொண்டன. கட்டுமரத்துக்குத் துடுப்பும் பாயும் போதும். இவற்றுக்கோ டீசல் வேண்டும். நடுக்கடலில் அது தீர்ந்தால் நீரோட்டம் இழுத்த பக்கம் போக வேண்டியதுதான். அங்கே பெட்ரோல் பங்க் ஏது?

காரில் இருப்பதுபோல் முள் காட்டும் கருவி வைத்தால் என்ன என்று கேட்கலாம். அக்கருவியில் ஒரு மிதவை உண்டு. அது மட்டத்தோடு ஏறி இறங்க, மின்தடை மாறி முள் நகரும். படகு வேகமெடுத்தால் அணியம், அதாவது முன்பக்கம், உயர்ந்துவிடும். டீசல் பின்னால் சாயும். கணக்கிட்டுப் பார்ப்போம். தொட்டி 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் எனில் 1 செ.மீ. உயரத்துக்கு 2.4 லிட்டர். படகு 5 பாகை சாய்ந்தால் தொட்டியின் பின்முனையில் மட்டம் சுமார் 2.6 செ.மீ. கூடும். மிதவை அங்கிருந்தால் 6 லிட்டருக்கு மேல் பொய் சொல்லும்! அதுவும், இல்லாததை இருப்பதாக. தொட்டியின் நடுவில் வைத்தால் இப்பொய் பெரிதும் நீங்கும். அலையில் முள் துள்ளாதிருக்க, அடியில் சிறு துளையுள்ள குழாய்க்குள் மிதவையை அடக்குவதும் உண்டு.

அடி குறுகிய தொட்டியில் பாதி உயரம் பாதி அளவன்று. அதற்குக் காலித் தொட்டியில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு குச்சியை விட்டுக் கோடு போட்டுக்கொள்ளலாம். மின்கருவியைவிட எனக்கு இக்குச்சியே பிடித்திருக்கிறது. படகு நேராக நின்றபின் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அயல்நாட்டுப் படகோட்டிகள் பலர் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மீதி எதிர்க்காற்றுக்கு என்று முன்பே பிரித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.