தக்காளிச் செய்கைப் பிரச்சினைகள்: நோயா, குறைபாடா?

மாணவர்களே, "வீட்டுத் தோட்டத்துத் தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுகின்றது. காரணம் யாது?" எனும் வினாவுக்குப் பலர் "பங்கசுத் தாக்கம்" என எழுதிவிடுகின்றனர். அழுகல் என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக அப்படி எழுதிவிடும். அது பிழையான விடை. கறுத்த இடத்தில் பின்னர் பங்கசு வளரலாம். ஆனால் தொடக்கக் காரணம் அதுவன்று. காய்க்குக் கல்சியம் போதாமையே காரணம். பங்கசுநாசினி விசிறினால் பணம் மட்டுமே செலவாகும்.

அப்படியாயின் மண்ணில் கல்சியம் இல்லையா? யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெண்படிவு பிடிக்கும். கல்சியத்துக்குப் பஞ்சமில்லாத அத்தகைய மண்ணிலும் இக்குறைபாடு தோன்றலாம். ஏனெனில் கல்சியம் நீருடன் சேர்ந்து காழ் வழியே மேலே செல்கின்றது. ஆவியுயிர்ப்பு அதிகமாக நிகழும் இலைகளே அதில் பெரும் பங்கை இழுத்துக்கொள்கின்றன. காயில் ஆவியுயிர்ப்பு குறைவு. காம்புக்கு எதிர்முனைக்கோ கடைசியாகவே கிடைக்கின்றது. இலையில் சேர்ந்த கல்சியம் உரியம் வழியே காய்க்கு வந்துசேர்வதும் மிக அரிது. எனவே இரண்டு நாள் நீரூற்றாமல் விட்டு, மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றும் தோட்டத்தில் முதலில் பாதிக்கப்படுவது அந்த முனையே. சாடியில் நட்ட செடிக்கு இது இன்னும் விரைவாக நேரும். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டாலும் இலைகள் செழித்து நிலைமை மோசமாகும்.

"கல்சியக் குறைபாடு" என மட்டும் எழுதுவது அரைகுறை விடை. "ஒழுங்கற்ற நீர்ப்பாசனத்தால் காய்க்குக் கல்சியம் போதியளவு கிடைக்காமை" என எழுதுங்கள். தீர்வும் அதிலேயே உள்ளது: நாள்தோறும் அளவாக நீரூற்றுதல், செடியடியை வைக்கோல் அல்லது சருகினால் மூடுதல். நீண்ட வரட்சியின் பின் பெருமழை பெய்யும்போது காய் வெடிப்பதும் நீரின் ஒழுங்கின்மையாலேயே.

அடுத்தது வாடல். நீரின்றி வாடிய செடி, மாலையில் நீரூற்றினால் பெரும்பாலும் மறுநாள் காலை நிமிர்ந்துவிடும். பற்றீரியா வாடல் முற்றிய செடி நிமிராது. இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டுவிடும். ஐயமிருந்தால் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுகம் அமிழும்படி தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை வடிந்தால் பற்றீரியாவே. இச்சோதனையை ஒருமுறை செய்து பார்த்தவர் பரீட்சையில் மறக்கமாட்டார். அச்செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. வேருடன் பிடுங்கி எரிக்கவேண்டும். பற்றீரியா மண்ணில் தங்குவதால் அவ்விடத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் நடலாகாது. யாவும் ஒரே குடும்பத்தவை. சோளம் நடலாம்.

இலை மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றால் அது வைரசு நோய். வெண்ணிற ஈ அதனைக் காவுகின்றது. பூச்சிநாசினி ஈயைக் கொல்லுமேயன்றி வைரசை அழிக்காது. ஆகவே நோயுற்ற செடியை முதலிலேயே அகற்றுங்கள்.

பூ உதிர்வதற்கு எப்போதும் பூச்சியைக் குறைகூற வேண்டாம். இரவும் வெக்கையாக இருக்கும் காலத்தில் மகரந்தம் வலுவிழந்து, காய் பிடிக்காமலே பூக்கள் உதிரும்.

பயிற்சி வினா: ஒரே பாத்தியில் நின்ற இரு தக்காளிச் செடிகள் நண்பகலில் வாடின. மறுநாள் காலை ஒன்று மட்டும் நிமிர்ந்தது. மற்றையதற்கான காரணத்தை உறுதிப்படுத்தும் சோதனை ஒன்றை விபரிக்குக.