"உண்மைதானா?" என்று கேட்ட மாணவன்

பள்ளி ஆண்டு மலரில் தொடங்கி, டெலிவிஷனில் புகழ் பெற்றவர்!

1963-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

அமெரிக்காவில் டல்லாஸ் என்ற நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். நியூயார்க் நகரில் உள்ள சி.பி.எஸ். டெலிவிஷன் நிலையத்துக்கு அந்தச் செய்தி பறந்து வந்தது. அங்கே மேஜை முன் உட்கார்ந்து, நாட்டு மக்களுக்குச் செய்தி சொல்லிக் கொண்டிருந்தார் ஒருவர். பெயர், வால்டர் கிராங்கைட். வயது 47.

"ஜனாதிபதி இறந்துவிட்டார்" என்று டல்லாசில் இருந்து தகவல்கள் வந்தன. கிராங்கைட் அவற்றை மறைக்கவில்லை. ஆனால், "இது இன்னும் உறுதியாகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிற்பகல் மணி 2.38. உறுதியான செய்தி கையில் வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஜனாதிபதி காலமானார் என்று அறிவித்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. தொண்டை அடைத்தது. ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, மீண்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

நாடே பதறிய நேரத்தில் இவர் மட்டும் அவசரப்படவில்லை. இந்தப் பொறுமையை அவர் எங்கே கற்றார்?

அதன் தொடக்கம், ஒரு பள்ளிக்கூடத்தில்!

பல் டாக்டர் மகன்

கிராங்கைட் 1916-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தகப்பனார் பல் டாக்டர். பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது, குடும்பம் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகருக்குக் குடியேறியது.

சிறுவர் பத்திரிகை ஒன்றில் நிருபரைப் பற்றி வந்த கதையை அவர் படித்தார். "நாமும் நிருபர் ஆனால் என்ன?" என்ற ஆசை முளைத்தது.

ஹூஸ்டனில் சான் ஜசிண்டோ உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பள்ளிப் பத்திரிகை நடந்தது. ஆண்டு மலரும் வெளிவந்தது. இரண்டிலும் அவர் வேலை செய்தார். பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் உயர்ந்தார்.

ஆண்டு மலர் என்றால் என்ன?

அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டுதோறும் மாணவர்களே ஒரு புத்தகம் தயாரிப்பார்கள். படித்து முடித்து வெளியேறும் ஒவ்வொருவரின் படமும் அதில் இருக்கும். படத்துக்குக் கீழே பெயர் இருக்கும். விளையாட்டுக் குழு, நாடகக் குழு, ஆசிரியர்கள் எல்லாரும் இடம் பெறுவார்கள்.

இது விளையாட்டு வேலை அல்ல. ஒரு மாணவியின் படத்துக்குக் கீழே வேறொருத்தியின் பெயர் விழுந்துவிட்டால்? நாளைக்கு மாற்றிப் போட முடியாது. ஐம்பது ஆண்டு கழித்து, பேரப் பிள்ளைகள் எடுத்துப் பார்த்தாலும் அந்தத் தவறு அப்படியே இருக்கும்! ஆகவே, ஒவ்வொரு பெயரையும் கேட்டு, சரி பார்த்து, மறுபடியும் சரி பார்க்க வேண்டும்.

வழிகாட்டிய ஆசிரியர்

பள்ளியில் அவருக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தார். பெயர், பிரெட் பர்னி. பத்திரிகைத் தொழிலில் அனுபவம் உள்ளவர். செய்தி எழுதுவது எப்படி என்று மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். கிராங்கைட் 1996-ல் வெளியிட்ட சுயசரிதையில், இந்த ஆசிரியரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1933-ல் கிராங்கைட் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேயும் மாணவர் பத்திரிகைதான்! 1935-ல் படிப்பை முடிக்காமலே, நிருபர் வேலைக்குப் போய்விட்டார். பட்டம் வாங்காதது ஒரு குறைதான். ஆனால், கற்பதை அவர் நிறுத்தவில்லை.

வேலை போயிற்று!

1936-ல் கான்சாஸ் நகரில் ஒரு ரேடியோ நிலையத்தில் வேலை கிடைத்தது. விளையாட்டுச் செய்தி சொல்லும் வேலை. அங்கே அவருக்குப் பெயர்கூட வேறு. "வால்டர் வில்காக்ஸ்" என்று சொல்லிப் பேசினார்.

ஒரு நாள் நிலைய அதிகாரி பரபரப்போடு வந்தார். நகரசபைக் கட்டிடத்தில் தீப்பிடித்து விட்டதாம். தீயணைப்பு வீரர்கள் இறந்து விட்டார்களாம். "உடனே ரேடியோவில் சொல்" என்றார்.

"விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் கிராங்கைட். டெலிபோனை எடுத்தார்.

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. தாமே மைக் முன் உட்கார்ந்து செய்தியைச் சொல்லிவிட்டார்.

உண்மை என்ன? சிறிய தீ விபத்துதான். யாரும் இறக்கவில்லை!

ஆனால் வேலை போனது யாருக்கு? விசாரிக்க வேண்டும் என்று சொன்ன கிராங்கைட்டுக்குத்தான்!

அந்த நிலையத்தில் அவருக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. மேரி எலிசபெத் மாக்ஸ்வெல் என்ற பெண்ணை அங்கேதான் சந்தித்தார். 1940-ல் திருமணம் நடந்தது. 2005-ல் மனைவி இறக்கும் வரை, சுமார் 65 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

கண்ணீர்ச் செய்தி

1937-ல் யுனைடெட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். அந்த ஆண்டு மார்ச் 18-ந் தேதி, டெக்சாசில் நியூ லண்டன் என்ற ஊரில் பெரும் விபத்து. பள்ளிக்கூடத்தின் அடியில் எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள்.

20 வயது நிருபரான கிராங்கைட் அங்கே ஓடினார். இத்தனை பெரிய துயரத்தை எழுத, தாம் படித்த எதுவும் தம்மைத் தயார் செய்யவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். செய்தி என்பது வெறும் எழுத்து அல்ல. அதில் வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர்!

நிமிஷத்துக்கு 124 வார்த்தை

இரண்டாவது உலகப் போரில் யுத்த நிருபராக இருந்தார். 1950-ல் சி.பி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்தார். 1962 ஏப்ரல் முதல் 1981 மார்ச் வரை, மாலைச் செய்தியை அவரே வாசித்தார்.

வேகமாகப் பேசினால் எல்லாருக்கும் புரியாது அல்லவா? ஆகவே, நிமிஷத்துக்கு 124 வார்த்தைகள் என்ற அளவில் பேசிப் பழகினார். மனிதன் சந்திரனில் கால் வைத்த 1969 ஜூலை 20-ந் தேதி, அந்தச் செய்தியையும் அமெரிக்க மக்களுக்கு அவர் சொன்னார்.

செய்தி முடிந்ததும், "நடந்தது இதுதான்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லி விடை பெறுவார். ஆனால், தமது சொந்தக் கருத்தைச் சொல்லி முடித்த நாட்களில் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டார். செய்தி வேறு, கருத்து வேறு என்பதில் அவ்வளவு கண்டிப்பு!

அமெரிக்காவில் மிகவும் நம்பத் தகுந்த மனிதர் என்று மக்கள் அவரைப் போற்றினார்கள். 1984-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், பத்திரிகைக் கல்விப் பள்ளிக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. பட்டம் பெறாதவர் பெயரில் ஒரு கல்லூரி! 2009-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, 92-வது வயதில் காலமானார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளி மலருக்குக் கட்டுரை எழுதிக் கொண்டிருக்கலாம். "இதனால் என்ன லாபம்?" என்று கேட்காதீர்கள். "எழுதியதைச் சரி பார்த்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.