உஷார்! லாஸ்ட் பேப்பர் முடிந்த ராத்திரி

பொதட்டூர்பேட்டையில் இந்த வாரம் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழுவது ஒரே பேச்சுதான். "லாஸ்ட் பேப்பர் என்னைக்குடா? அன்னைக்கு நைட் எங்கே?" திருத்தணி, திருவள்ளூர், சென்னை என்று படிக்கப் போன பிள்ளைகளும், ஆந்திர பார்டர் தாண்டிப் புத்தூர், திருப்பதிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளும் ஒரே சமயத்தில் ஊர் திரும்புகிறார்கள். ஆறு மாதப் பாரம் இறங்கிய முகங்களைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு ராத்திரியை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ட்ரீட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்து, அப்பாவின் நெசவுக் கூலியில் செமஸ்டர் ஃபீஸ் கட்டி, அரியர் இல்லாமல் முடித்த பிள்ளைக்கு ஒரு பிரியாணியும் ஒரு சினிமாவும் உரிமை. கூட்டாளிகளோடு வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். என் பயமெல்லாம் அந்தப் பிள்ளை எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் இருக்கிறது என்பதைப் பற்றியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தவன், ராத்திரி முழுக்க விடியவிடியப் படிக்கிறான். காலையில் குளித்துவிட்டு நேராக ஹாலுக்குப் போகிறான். மதியம் ஒரு மணிக்கு வெளியே வருகிறான். அப்போதே 31 மணி நேரம் ஆகிவிட்டது. அங்கிருந்து ஹாஸ்டல், போட்டோ, அரட்டை. ராத்திரி ஒன்பது மணிக்கு பைக்கை உதைக்கும்போது 39 மணி நேரம். இடையில் பஸ்ஸில் அரை மணி கண் அசந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடையதைப் போல மந்தமாகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. அப்படியானால் ஒரு சொட்டுகூடக் குடிக்காத நல்ல பிள்ளை, சட்ட அளவைப் போல மூன்று மடங்கு குடித்தவனுடைய நிலைமையில் வண்டியை எடுக்கிறான். வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னால் மெஷின் சைபர் காட்டும். "போ தம்பி" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டிலும் "நம்ம பையன் குடிக்கமாட்டான்" என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயம்.

தூக்கம் சொல்லிக்கொண்டு வராது. கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று விநாடி அணைந்து எரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடத் தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர். திருத்தணியிலிருந்து நம் ஊருக்கு வரும் ரோட்டில் அந்த 50 மீட்டருக்குள் என்னென்ன இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரைவை சமயத்தில் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரும். டிரெய்லருக்கு வெளியே இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் சிவப்பு விளக்கும் இருக்காது, ஒளிரும் ஸ்டிக்கரும் இருக்காது. எதிரே டிப்பர் லாரி ஹைபீம் போட்டுக்கொண்டு வந்தால், அந்த வெளிச்சத்தில் டிரெய்லரே கண்ணுக்குத் தெரியாது. தூங்கி எழுந்தவனுக்கே பிரேக் பிடிக்க நேரம் போதாத இடம் அது. டீயும் எனர்ஜி டிரிங்கும் குடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவை கொஞ்ச நேரம் முழிப்பைக் கொடுக்கும், தூக்கக் கடனை அடைக்காது.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. நம் திருத்தணிக்குப் பக்கத்தில், சென்னை–திருப்பதி தேசிய நெடுஞ்சாலையில், ராமஞ்சேரி அருகே ஒரு காரும் லாரியும் மோதின. காரில் ஏழு கல்லூரி மாணவர்கள். விடுமுறைக்கு ஆந்திரப் பக்கம் போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஐந்து பேர் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள்மீது ஒரு குறையும் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்ல எனக்கு மனசும் வராது. நாளைக்கு நீங்கள் போகப்போவதும் அதே ரோடு. அதை மட்டும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

"நாங்க மிட்நைட்டுக்கு முன்னாடியே வந்துடுவோம் அண்ணா" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். நாடு முழுக்க விபத்துகள் அதிகம் நடப்பது நடு ராத்திரியில் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் தருகிற கணக்கில் முதலிடம் மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரைக்கும்தான். 2023-ல் சாலையில் இறந்தவர்கள் 1,72,890 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 54,568. இதில் ஓட்டியவர்களோடு பின்னால் உட்கார்ந்தவர்களும் சேர்த்தி. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலில் நின்றது நம் தமிழ்நாடு, 67,213 விபத்துகள். வண்டிக்கு ஒரு ஹெல்மெட், அதுவும் டேங்க் மேலே மாட்டியபடி, பின்னால் ட்ரிபிள்ஸ் என்று கிளம்பும் பிள்ளைகளைக் கடைத்தெருவில் பார்க்கும்போது ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இனிப் பார்டர் விஷயம். பூசி மெழுகாமல் பேசிவிடுகிறேன். 2024 அக்டோபர் 16 முதல் ஆந்திராவில் தனியார் மதுக்கடைகள் திரும்ப வந்துவிட்டன. அங்கே 99 ரூபாய்க்கு குவார்ட்டர் என்ற பேச்சு நம் ஊர்ப் பையன்கள் வரைக்கும் வந்துவிட்டது. "நகரி பக்கத்துலதானே, போயிட்டு அரை மணியில வந்துடலாம்" என்கிறார்கள். இரண்டு மாநிலத்திலும் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. பாட்டிலை மறைத்து எடுத்து வந்து பொன்பாடி சோதனைச் சாவடியில் மாட்டினால் மதுவிலக்கு வழக்கு. குடித்துவிட்டு ஓட்டி முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில் பெயருக்கு நேரே ஒரு வழக்கு எண் ஏறினால் அதைக் கழுவ எத்தனை வருஷம் அலைய வேண்டும்! அதைவிடப் பெரியது, ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத உடம்பில் ஒரு குவார்ட்டர் இறங்கினால் அது ஒரு குவார்ட்டராக வேலை செய்யாது. ஏற்கனவே பாதி அணைந்திருக்கும் விளக்கை அது முழுசாக அணைத்துவிடும்.

அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருடப் பிள்ளைக்கு 18 நிரம்பாமல் இருக்கலாம். "சரி, இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று வண்டிச் சாவியைக் கொடுத்தால், சட்டம் பிடிப்பது சாவி கொடுத்தவரை. 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து.

நவம்பர், டிசம்பர் செமஸ்டர் என்றால் இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. ஆந்திராவில் மழை பெய்து கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், நம் ஊரில் ஒரு தூறல்கூட இல்லாத ராத்திரியில் கொசஸ்தலை ஆறு பொங்கி வரும். பள்ளிப்பட்டுப் பக்கம் நெடியம், சாமந்தவாடை தரைப்பாலங்கள் தண்ணீருக்குள் போய்விடும். பகலிலாவது யாராவது நின்று கை காட்டுவார்கள். இருட்டில் தண்ணீரும் ரோடும் ஒரே கறுப்பு. முன்னால் போன வண்டி தாண்டிவிட்டது என்று நம்பி இறங்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரே பைக்கைச் சாய்த்துவிடும். ஓர் அடித் தண்ணீர் வேகமாக ஓடினால் சின்ன காரையே தூக்கும். கீழே பாலம் அரித்துக்கொண்டு போயிருந்தால் மேலேயிருந்து யாருக்குத் தெரியும்? தண்ணீரைப் பார்த்த இடத்திலேயே வண்டியைத் திருப்புங்கள்.

தம்பி, தங்கச்சி, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்குங்கள். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், யாரும் எழுப்பாமல். ட்ரீட்டை மறுநாள் மதியத்துக்கு மாற்றுங்கள். கடையில் கூட்டமும் குறைவு, பிரியாணியும் சூடாக இருக்கும், சினிமா பாதியில் கண்ணும் சொருகாது. சென்னைக்குப் போவதென்றால் திருத்தணியிலிருந்து சென்ட்ரலுக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. அரட்டை அடித்துக்கொண்டே போகலாம், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு யாரும் தனியாக முழித்திருக்க வேண்டாம். தங்கச்சிகள் திரும்பும் ரயிலையும், ஸ்டேஷனிலிருந்து யார் கூட்டி வருவார்கள் என்பதையும் கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். வழியில் ஏதாவது சங்கடம் என்றால் 112, பெண்களுக்கு 181.

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-க்குப் போன் போடப் பயப்படாதீர்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பது சட்டம். பணம் இல்லையே என்றும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் அன்றைக்கே போய், நேரமாகி, கடைசி பஸ்ஸும் போய்விட்டதா? கண் எரிகிறதா, கொட்டாவி விடாமல் வருகிறதா? வண்டியைக் கூட்டாளி வீட்டில் பூட்டிவிட்டு அங்கேயே படுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் அப்பாவுக்குப் போன் போடுங்கள். திட்டுவார், ஆனால் வருவார். அவரிடம் சொல்லப் பயமாக இருந்தால் யாரையாவது என் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். எத்தனை மணியானாலும் நான் எழுந்து வருகிறேன். என் வண்டியில் இரண்டு ஹெல்மெட் இருக்கிறது.