கௌபாய் தொப்பி எதற்கு? மாணவர் செய்யும் கன்ட்ரி இசை இதழும் அதன் மதிப்பீடும்

பிரிட்டனில் ஏ லெவல் படிப்பில் ஊடகக் கல்வியைப் பாடமாக எடுத்த மாணவர்களுக்கு, ஓசிஆர் என்ற தேர்வு வாரியம் 2008 முதல் பல ஆண்டுகள் ஒரு செய்முறை வேலையைக் கொடுத்துவந்தது. ஏ லெவல் ஏறக்குறைய நம் பிளஸ் டூ. இலங்கை வாசகர்களுக்கு உயர்தரம் என்றால் உடனே புரியும். இதுவரை இல்லாத ஒரு புதிய இசை இதழைக் கற்பனை செய்து, அதன் அட்டை, பொருளடக்கம், இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று ஆகியவற்றை அச்சுக்குப் போகிற தரத்தில் செய்து தர வேண்டும். எழுத்தும் படமும் மாணவருடைய சொந்த வேலையாக இருக்க வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த படம் செல்லாது. தானே எடுத்த படங்கள் குறைந்தது 4 வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண். ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, பக்கங்களுக்கு 60, எல்லாம் முடிந்தபின் 7 கேள்விகளுக்குப் பதிலாக எழுதும் மதிப்பீட்டுக்கு 20.

ராக், பாப், இண்டி என்று போனால் பார்த்துச் செய்ய முன்மாதிரிகள் ஏராளம். 'என்எம்இ', 'கெராங்', 'க்யூ' எல்லாம் அந்த நாட்களில் எந்தக் கடையிலும் கிடைத்தன. அமெரிக்காவில் பிறந்த கன்ட்ரி இசையை எடுத்தவருக்கு அந்த வசதி குறைவு. பிரிட்டனில் 1970 முதல் வரும் 'கன்ட்ரி மியூசிக் பீப்பிள்', 2002-இல் தொடங்கிய 'மேவரிக்', அமெரிக்காவில் 1994 முதல் 2016 வரை வந்த 'கன்ட்ரி வீக்லி' என்று தேடிப் பிடிக்க வேண்டும். ஆனாலும் இதழ் வடிவமைப்பைக் கற்றுக்கொள்ள கன்ட்ரியைவிட நல்ல களம் இல்லை என்றே நினைக்கிறேன். தொப்பி, பூட்ஸ், கட்டம் போட்ட சட்டை, வைக்கோல் கட்டு, கிட்டார் என்று அதன் அடையாளங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கின்றன. யோசிக்காமலே ஓர் அட்டையை முடித்துவிடலாம். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்டால்தான் பதில் வராது. அந்த 'ஏன்'தான் இந்த வேலையின் உயிர்.

தொப்பியையே எடுத்துக்கொள்வோம். 1927-இல் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊருக்கு ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவுக்குப் பாடியது அங்கேதான். கன்ட்ரி இசை வணிகமாகப் பெரிதாக வளர்ந்தது அதன்பின்தான் என்பார்கள். கார்ட்டர் குடும்பத்தின் பழைய படங்களைப் பாருங்கள்: கோட்டு, டை, சாதாரண கவுன். கௌபாய் என்று யாரும் இல்லை. தொப்பியும் பூட்ஸும் பிற்பாடு, 1930-களில் ஜீன் ஆட்ரி போன்ற 'பாடும் கௌபாய்'களின் சினிமா வழியாக இந்த இசைக்குள் நுழைந்தவை. டென்னசியின் நாஷ்வில் நகரில் 1925-இல் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி நிகழ்ச்சியின் கதை இன்னும் சுவையானது. அதில் வாசித்த ஹம்ஃப்ரி பேட் முறையாகப் படித்த மருத்துவர். தொடக்கத்தில் அவர் குழு கோட்டு சூட்டோடுதான் படம் எடுத்துக்கொண்டது. நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே என்பவர்தான் இசைக்குழுக்களுக்குப் பட்டிக்காட்டுப் பெயர் வைத்து, பண்ணை உடுப்பு மாட்டி நிற்கவைத்தார். ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் 1997-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்: கன்ட்ரியின் 'அசல் தன்மை' எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதுதான் அதன் பொருள்.

இவ்வளவும் தெரிந்த மாணவர் தொப்பியை வைத்தாலும் சரி, எடுத்தாலும் சரி, அது அவருடைய முடிவு. தெரியாதவர் வைத்தால் அது வெறும் வேஷம்.

இனி அட்டைக்கு வருவோம். இதழில் அதிக நேரம் செலவிட வேண்டிய பக்கம் இதுதான். தொப்பி வைத்த ஒருவரை நடுப்பகல் வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தால், தொப்பியின் விளிம்பு நிழல் நேராகக் கண்மீது விழும். அட்டையிலிருந்து வாசகரைப் பார்க்க வேண்டிய கண்கள் இருட்டில் போய்விடும். மாலை வெயிலுக்கு முகம் காட்டி நிற்கச் சொல்லலாம். அல்லது ஒரு வெள்ளை சார்ட் அட்டையை மார்புக்குக் கீழே யாரையாவது பிடிக்கச் சொன்னால் வெளிச்சம் மேலே எழும்பி முகத்தில் படும். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தினால் விளிம்புக்கு அடியில் முகம் முழுதாகத் தெரியும். கிட்டாரைச் சேர்ப்பதானால் இடுப்பு வரை ஃபிரேமுக்குள் வர வேண்டும், மேலே இதழின் பெயர் வரும் மாஸ்ட்ஹெட்டுக்கும் இடம் விட வேண்டும். படம் எடுத்தபின் இடம் தேடினால் கிடைக்காது.

மாஸ்ட்ஹெட்டின்மேல் தொப்பி ஏறி நிற்பதுபோல் செய்வது மாணவர்களுக்கு மிகவும் பிடித்த உத்தி. ஃபோட்டோஷாப்பில் அதே படத்தை இன்னொரு லேயராக வைத்து, தலையைச் சுற்றி மாஸ்க் வரைந்து, இதழின் பெயரை இரண்டுக்கும் நடுவில் செருகினால் போதும். பார்க்க ஆழமாக, தொழில்முறையாக இருக்கும். ஆனால் பெயரின் பாதியை மறைத்தும் அடையாளம் தெரிவது பல்லாண்டு வந்த இதழுக்குத்தான். 'க்யூ'வுக்கு ஒரே எழுத்து, சிவப்புக் கட்டம். எதை மறைத்தாலும் தெரியும். முதல் இதழுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓர் எழுத்தின் ஓரத்தை விளிம்பு தொட்டால் போதும், எழுத்தை விழுங்கக் கூடாது.

எழுத்துரு விஷயத்தில் நாஷ்வில் நகரத்துக்கே ஒரு பாரம்பரியம் உண்டு. 1879-இல் தொடங்கி இன்றும் அங்கே இயங்கும் 'ஹாட்ச் ஷோ பிரின்ட்' அச்சகம் மரத்தில் செதுக்கிய எழுத்துகளை வைத்து, ஓப்ரி கலைஞர்களுக்கெல்லாம் சுவரொட்டி அடித்தது. ஈயத்தில் அவ்வளவு பெரிய எழுத்து வார்த்தால் கனமும் செலவும் தாங்காது என்பதால்தான் மரம் வந்தது. தடித்த அடிக்கட்டை கொண்ட அந்த ஸ்லாப் வகை எழுத்துகளே இன்று நம் கண்ணுக்குக் 'கன்ட்ரி' என்று தோன்றுகின்றன. இது தெரிந்தால், கயிற்றால் முறுக்கியதுபோல் வரும் இலவச எழுத்துருவை இறக்கி ஒட்டுவதற்கு முன் மாணவர் ஒருமுறை யோசிப்பார். பெயருக்கு அந்த மர எழுத்துச் சாயல் ஒன்று, உள் எழுத்துக்கு எளிதாகப் படிக்கக்கூடிய இன்னொன்று. இரண்டுக்கு மேல் தேவையில்லை.

தொழில்நுட்பக் கணக்கு சிலவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் அது 2480 × 3508 பிக்ஸல். அதைவிடச் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அச்சில் மங்கும். ஓரம் வெட்டுவதற்கு நாற்புறமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட். திரையில் தேன் நிறமாக மின்னும் பழுப்பு, அச்சு மையில் சேறாக வரலாம். கன்ட்ரி அட்டைகள் பழுப்பையும் மஞ்சளையும் நம்பியே நிற்பதால், சமர்ப்பிப்பதற்கு முன் ஒரு பிரதி அச்சிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பொருளடக்கத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டையில் அறிவித்த ஒவ்வொரு தலைப்பும் அங்கே பக்க எண்ணோடு இருக்க வேண்டும். அட்டையின் நிறமும் எழுத்தும் தொடர வேண்டும். பலர் கோட்டைவிடுவது முதலாவதில்தான்.

இரண்டு பக்கக் கட்டுரையில்தான் மாணவர் உண்மையில் இந்த இசையைக் கேட்டிருக்கிறாரா என்பது வெளியாகும். கன்ட்ரி பாட்டு பெரும்பாலும் ஒரு கதை. யார், எந்த ஊர், என்ன நடந்தது என்று இருக்கும். பேட்டியும் அப்படி இருந்தால்தான் பொருந்தும். 'இசைதான் என் உயிர்' என்று பாடகி சொன்னால் அது எந்த இதழுக்கும் பொருந்தும். நாஷ்வில்லில் ஒரு பாட்டை இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது வழக்கம். ஆகவே 'இதை யாரோடு எழுதினீர்கள், முதல் வரி யாருடையது?' என்று கேட்கும் பேட்டி உடனே நம்பும்படி ஆகிவிடும். பாடகி கற்பனைப் பாத்திரம்தான், படத்தில் நிற்பவர் வகுப்புத் தோழிதான். அதனாலேயே விவரம் இன்னும் கூடுதலாகத் தேவை. அவரை டென்னசியில் பிறக்கவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகளான வார்ட் தாமஸ் 2016-இல் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே 'தி ஷயர்ஸ்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் கன்ட்ரி குழு முதல் பத்துக்குள் வந்துவிட்டது. லின்கன்ஷயர் பேருந்து ஓட்டுநரின் மகள் ஞாயிறுதோறும் பப்பில் பாடுகிறாள் என்று எழுதினால் வாசகர் நம்புவார். படம் இரு பக்கத்துக்கும் பரவினால், நடு மடிப்பில் முகம் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழு கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, இந்த இதழ் எந்தச் சமூகப் பிரிவினரை எப்படிக் காட்டுகிறது என்பது. கன்ட்ரியில் இது லேசான கேள்வி அல்ல. பேஞ்சோ ஆப்பிரிக்க வழி வந்த வாத்தியம். ஓப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர். 1960-களின் நடுவில் சார்லி பிரைடின் முதல் இசைத்தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது இசைத்தட்டு நிறுவனம் அவர் படத்தைச் சேர்க்கவில்லை. பாடுபவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்தால் ஒலிபரப்ப மாட்டார்கள் என்ற பயம். அதே பிரைட் 1971-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் தலைசிறந்த கலைஞர் விருதைப் பெற்றார். 2015-இல் ஒரு வானொலி ஆலோசகர், பெண் குரல்களை அடுத்தடுத்துப் போடாதீர்கள் என்று வெளிப்படையாக ஆலோசனை சொன்னார். 2024-இல் பியான்சே வெளியிட்ட 'கௌபாய் கார்ட்டர்' அடுத்த ஆண்டு கிராமியில் சிறந்த கன்ட்ரி ஆல்பமாகத் தேர்வானபோதும் இது கன்ட்ரியா என்ற சண்டை ஓயவில்லை. ஆகவே அட்டையில் யாரை நிறுத்துகிறோம் என்பது, கன்ட்ரி யாருடையது என்ற கேள்விக்கு மாணவர் தரும் பதில். மதிப்பீட்டில் அதைத் தயங்காமல் அப்படியே எழுதலாம்.

வாசகர் யார் என்ற கேள்விக்குப் பலரும் வகுப்புத் தோழர்கள் இருபது பேரிடம் படிவம் கொடுத்து, வட்ட வரைபடம் போட்டு முடித்துவிடுகிறார்கள். கன்ட்ரியே கேட்காதவரிடம் கன்ட்ரி இதழ் பற்றிக் கேட்டு என்ன தெரியும்? லண்டன் ஓ2 அரங்கில் 2013 முதல் நடக்கும் 'கன்ட்ரி டு கன்ட்ரி' விழாவுக்குப் போய்வந்தவர் ஒருவர், உள்ளூர் லைன் டான்ஸ் வகுப்புக்குப் போகும் அத்தை ஒருவர், டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆல்பம் வழியாக உள்ளே வந்த அக்கா ஒருவர் என்று மூன்று பேரிடம் உட்கார்ந்து பேசினால் இருபது படிவத்தைவிட அதிகம் கிடைக்கும். பதிப்பாளர் யார் என்பதற்கு 'பாவர்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. 'க்யூ', 'மோஜோ' போன்றவற்றை 2008-இல் வாங்கிய பெரிய நிறுவனம் அது. அதனிடம் கன்ட்ரி இதழ் இல்லாதது வாய்ப்பா, கன்ட்ரிக்குச் சந்தை இல்லை என்பதற்கு அடையாளமா என்று வாதாட வேண்டும். 'க்யூ'வே 2020-இல் நின்றுபோனது என்பதையும் இன்றைய மாணவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டில் நல்ல பதிலும் சுமாரான பதிலும் எப்படி வேறுபடும்? 'கன்ட்ரி இதழ் என்பதால் தொப்பி வைத்தேன், பழுப்பு நிறம் பயன்படுத்தினேன், அட்டை நன்றாக வந்தது' என்பது சுமார். 'கன்ட்ரி வீக்லி அட்டைகளைப் பார்த்துப் பாடகியை நேராகக் கேமராவைப் பார்க்கவைத்தேன். தொப்பியைத் தலையில் வைக்காமல் கையில் கொடுத்தேன், ஏனென்றால் என் வாசகர் ஆங்கிலேய இளம்பெண், அவருக்கு அது மேடை உடுப்பு மட்டுமே. காட்டியபோது இரண்டு பேர் இதை ஃபோக் இதழ் என்று நினைத்தார்கள், அதனால் மாஸ்ட்ஹெட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்' என்பது நல்ல பதில். எந்த இதழைப் பார்த்தேன், எதை எடுத்தேன், எதை மாற்றினேன், பார்த்தவர் என்ன சொன்னார் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. சோதிப்பதும் சுலபம். அட்டையை மூன்று விநாடி காட்டிவிட்டு மூடி, 'இது என்ன இதழ், உள்ளே என்ன இருக்கும்?' என்று கேளுங்கள். பிறகு மற்ற இதழ்களோடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கி, இடது ஓரம் மட்டும் தெரியும்படி வையுங்கள். கடை அலமாரியில் அப்படித்தான் தெரியும்.

2017-இல் பாடத்திட்டம் மாறியது. செய்முறைக்கு இப்போது 30 சதவீதம். பின்னால் எழுதும் மதிப்பீட்டுக்குப் பதிலாக, என்ன செய்யப்போகிறேன், ஏன் என்று முன்கூட்டியே ஒரு நோக்க அறிக்கை தர வேண்டும். இது சரியான மாற்றம் என்பேன். கடைசி நாளில் செய்தவற்றுக்கெல்லாம் காரணம் தேடிச் சேர்க்கும் வழக்கம் இதனால் குறையும். ஆனாலும் முடித்தபின் அந்தப் பழைய 7 கேள்விகளை நோட்டில் எழுதி உங்களையே கேட்டுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. கன்ட்ரி இதழானாலும் கல்லூரி ஆண்டு மலரானாலும் கேளுங்கள். கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன், கார்ட்டர் குடும்பத்தில் தொடங்கி சார்லி பிரைட் வழியாக வார்ட் தாமஸ் வரை, ஒரு வாரம் உட்கார்ந்து பாட்டுகளையும் கேளுங்கள்.