சுவரில் ஊர்ந்த எறும்பு

சின்ன வயசில் வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் யானை வரைந்து, அப்பாவிடம் முதுகு வீங்க வாங்கியவன் நான். 'சுவத்துல வரைங்கடா!' என்று பசங்களைக் கூப்பிட்டுச் சொன்ன ஒரு வாத்தியாரைப் பற்றிப் படித்ததும் பொறாமையாக இருந்தது, சார்.

இடம்: ஆஸ்திரேலியாவின் நட்டநடு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி, செம்மண் பொட்டலில் பாப்புன்யா. பிண்டுபி, லுரிட்ஜா, வார்ல்பிரி என்று பல பழங்குடிகளை அரசாங்கம் அங்கே ஒன்றாகக் குடியமர்த்தி இருந்தது. 'வெள்ளைக்காரன் மாதிரி வாழக் கத்துக்கோ' என்பதுதான் திட்டம்.

1971-ல் அங்கே ஆசிரியராக வந்தார் ஜெஃப்ரி பார்டன். பசங்க வெளியே மணலில் வட்டமும் வளைகோடுமாக விரலால் போட்டுக் கதை பேசுவதைக் கவனித்தார். 'அதையே வரைங்களேன்' என்றார். பசங்க அவருக்கு வைத்த பேர் 'மிஸ்டர் பேட்டர்ன்ஸ்'. நம்மூராக இருந்தால் 'கோல வாத்தியார்'!

அடுத்து, பள்ளிக்கூடச் சுவர். ஆனால், அந்த மண்ணில் ஒவ்வொரு கதைக்கும் பாத்தியதைக்காரர் உண்டு. அவர் தலையசைக்காமல் கோடு கிழிக்கக் கூடாது. ஆகவே, பெரியவர்களே வந்தார்கள். காப்பா ஜாம்பிஜின்பா பிரஷ் பிடிக்க, சுவரில் எழுந்தது தேன் எறும்பு. மண்ணுக்கடியில், வயிறு புடைக்கத் தேனைச் சேர்த்து வைக்கும் எறும்பு அது. பாப்புன்யாவே அதன் புனித மண்.

முதலில் வரைந்த எறும்பு, பாடப் புத்தகத்து எறும்பு மாதிரி அச்சு அசலாக இருந்தது. 'இது உங்க எறும்பா?' என்று கேட்டார் பார்டன். இல்லை. உடனே அழித்துவிட்டு, தங்கள் முறைப்படி வரைந்தார்கள். அந்த ஒரு கேள்விதான் சார், விஷயமே!

1972-ல் ஓவியர்கள் 'பாப்புன்யா டூலா' என்று சொந்தமாகக் கம்பெனியே தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கிளிஃபோர்ட் பாஸம் 1977-ல் வரைந்த ஒரு படம், முதலில் 1,200 டாலருக்குப் போனது. 2007-ல் ஏலத்தில் 24 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்!

எல்லாவற்றுக்கும் வித்திட்ட அந்தச் சுவர்? 1974-லேயே அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். இன்றைக்கு மிச்சம் போட்டோக்கள்தான்.

போன ஞாயிறு, எங்கள் வாடகை வீட்டு ஹால் சுவரில் என் பையன் கிரேயானால் ஏதோ இழுத்து வைத்திருந்தான். வீட்டுக்காரர் வருவதற்குள் அழித்துவிட ஈரத்துணியோடு போனேன்.

"என்னடா இது?"

"எறும்புப்பா... என் எறும்பு."

துணியை மடித்து வைத்துவிட்டேன். அட்வான்ஸில் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும்!