பழஞ்சட்டை சொல்லும் சரித்திரம்

‘பூட்டிக்’ என்ற சொல் இலங்கையருக்குப் புதியதன்று. முன்னாளில் நம் நாட்டு ஆங்கிலத்தில் அது தெருவோரத் தேநீர்க் கடையையும், சில்லறைச் சாமான் விற்கும் சிறு கடையையுமே குறித்தது. அதே சொல் இலண்டன் மாநகரில் வேறொரு கோலம் பூண்டது. 1955ஆம் ஆண்டில் அங்குள்ள கிங்ஸ் வீதியில், ஆசிரியப் பெற்றோரின் மகளான மேரி குவான்ட் என்னும் இளம்பெண், நண்பர் இருவருடன் கூடி ‘பஸார்’ என்ற பெயரில் ஒரு சிறு உடுப்புக் கடை திறந்தார். கடைக்கு வாய்த்த பெயரும் கீழைத்தேயப் பெயரே என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1941 முதல் 1949 வரை பிரித்தானியாவில் உடுதுணியும் பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது. அதன் பின்னரும் அங்கே மகள் தாயைப் போலவே உடுத்து வந்தாள். இதனை மாற்ற விரும்பிய குவான்ட் அம்மையார் பெரிய ஆலைகளை நாடவில்லை. கடையில் சில்லறை விலைக்குத் துணி வாங்கி, தாம் குடியிருந்த அறையிலேயே வெட்டித் தைப்பித்தார். பகலில் விற்ற காசு மறுநாள் துணிக்கு முதலாயிற்று. பள்ளிச் சிறுமியர் சட்டைக்கு மேல் அணியும் கையில்லாக் கவுணைப் போன்ற ‘பினபோர்’ அவர் கைவண்ணத்தில் புதுமெருகு பெற்றது. ஓடவும் ஆடவும் பேருந்தில் ஏறவும் இசைந்த எளிய உடை அது. 1966இல் அரச விருது பெறச் சென்றபோதும் அவர் தமது பாணிக் குட்டை உடையிலேயே சென்றார்.

1964இல் பார்பரா ஹுலானிக்கி என்ற மற்றொரு பெண்மணி, இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட பருத்திக் கவுண் ஒன்றைத் தலைத்துணியோடு சேர்த்து 25 ஷில்லிங்குக்குத் தருவதாக ஒரு நாளிதழில் அறிவித்தார். ஏறத்தாழ 17,000 கவுண்கள் விற்றன. ‘பீபா’ என்னும் புகழ்பெற்ற கடை அதிலிருந்தே எழுந்தது.

நம் நாட்டிலும் அக்காலத்தில் ஓர் அசைவு உண்டாயிற்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. உள்நாட்டு நெசவுக்கு மதிப்பு ஏறிற்று. நல்லாயன் கன்னியரின் ஆதரவில் நெய்து வந்த பெண்களுக்காக வண்ணங்களையும் கோடுகளையும் அமைத்துக் கொடுத்த பார்பரா சன்சோனி அம்மையார், 1964இல் கொழும்பில் ‘பெயார்ஃபுட்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் 2022இல் காலமானார். அந்நிறுவனத்தின் கைத்தறித் துணியோ உலகெங்கும் அறியப்பட்டது.

கொழும்பும் இலண்டனும் கிடக்கட்டும், கொக்கிளாய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். கடலும் களப்பும் சூழ்ந்த நம் கரையோரக் கிராமங்களில் பூட்டிக் இருந்ததில்லை. ஆயினும் அதன் வேலையைச் செய்த இடம் ஒன்று இருந்தது. அதுவே ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்த தையல் யந்திரம். 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்ட சிங்கர் நிறுவனத்தின் யந்திரம் ஊருக்கு ஒன்றிரண்டாயினும் இருக்கும். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் நெருங்கினால் அதன் மிதிபலகைக்கு ஓய்வு இராது. பூப்போட்ட சீத்தைத் துணி ஒன்றில் அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரிச் சட்டைகள் வெட்டுவார்கள். மிஞ்சிய துண்டு தம்பியின் சட்டைப் பைக்கு ஆகும்.

ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. இலண்டனில் கவுணின் கீழ்க்கரை ஆண்டுதோறும் மேலே ஏறிற்று. நம் ஊரிலோ அது கீழே இறங்கிற்று! பிள்ளை வளர்வாள் என்று எண்ணித் தாய்மார் இரண்டு மூன்று அகல மடிப்புகள் விட்டுத் தைப்பிப்பர். பிள்ளை வளர வளர அவை ஒவ்வொன்றாக அவிழும். வெளுக்காத புதுத்துணி வரிவரியாய் வெளிப்படும். அந்த வரிகளை எண்ணினால் பிள்ளை வளர்ந்த கணக்கும் வீட்டின் சிக்கனக் கணக்கும் ஒருங்கே தெரியும். சட்டை இவ்வாறிருக்க, தாயின் பழஞ்சேலையோ குழந்தைக்கு ஏணையாகி, பின் விரிப்பாகி, முடிவில் அடுப்படியில் சட்டி இறக்கும் துணியாகிக் கரைந்து போகும்.

இவ்வாறு தேய்ந்தவை போக எஞ்சிய சிலவேனும் பெட்டியடியில் இருந்தன. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வீடு வாசலை விட்டு ஓடநேர்ந்தது. உயிரைக் கொண்டு ஓடுபவர் பெட்டியைச் சுமப்பதெங்ஙனம்? 2009இல் போர் முடிந்து, அதன் பின் மீளக் குடியேறியோர் கண்டது பற்றைக்காட்டையே. கூறைச்சேலை, பூப்புனித நீராட்டுப் பாவாடை, பள்ளிக்கு அணிந்த வெள்ளைச் சட்டை ஆகிய யாவும் போயின. கொக்கிளாய்க் களப்பின் பறவைகளுக்கு 1951இலேயே சரணாலயம் கிடைத்தது. அதன் கரையில் வாழ்ந்த பெண்களின் உடைகளுக்கோ ஒரு மரப்பெட்டி கூட மிஞ்சவில்லை.

2018இல் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலை, மேரி குவான்ட் உடைகளை அலுமாரிகளில் தேடித்தருமாறு பொதுமக்களைக் கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மறுமொழி அனுப்பினர். அடுத்த ஆண்டு தொடங்கிய கண்காட்சியில், வேலைக்குச் சென்ற சாதாரணப் பெண்கள் அணிந்த உடைகளும், அவர்களின் புகைப்படங்களும் கதைகளும் இடம்பெற்றன. சட்டையின் பெருமை அதன் விலையில் இல்லை, அணிந்தவர் வாழ்வில் உள்ளது என்பதை அறிஞர்களும் ஒப்புக்கொண்டனர்.

ஆதலால் நம் இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய சேலையோ சட்டையோ ஒன்றேனும் இருப்பின் அதை எறியாதீர்கள். கஞ்சி போடாமல் கழுவி, நிழலில் உலர்த்தி, பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கஞ்சிப் பசை பூச்சியை அழைக்கும்; பிளாஸ்டிக் பை ஈரத்தை அடைத்துப் பூஞ்சணம் உண்டாக்கும்; இரும்பு ஊசி துருக்கறை ஏற்றும். ஆண்டுக்கு இருமுறை பிரித்து, மடிப்பை இடம் மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் துணி அங்கேயே கிழியும். அணிந்தவர் யார், தைத்தவர் யார், துணி எங்கே வாங்கியது, எந்த வைபவத்துக்கு என்பவற்றைத் தாளில் எழுதி உடன் வையுங்கள்.

துணியே இல்லாத வீட்டாரும் சோர வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் பழைய ஸ்டூடியோப் படங்கள் இருக்கும்; பிரதி கேட்டு வாங்குங்கள். பாட்டிமாரை இருத்தி, அந்தச் சட்டையின் நிறமென்ன, கழுத்து எவ்வாறு வெட்டியிருந்தது, எத்தனை மடிப்பு என்று பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். வரையத் தெரிந்தவர் வரையட்டும். தையல் தெரிந்தோர் அதைப் பார்த்துப் புதிதாய் ஒன்று தைத்தும் காட்டலாம். இவ்வேலைக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கேட்பதற்கு ஒருவரும் சொல்வதற்கு ஒருவரும் இருந்தாற் போதும். சொல்லக்கூடியவர்களோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்கத் தொடங்குவது நன்று.