கற்ற கைக்கும் எல்லை உண்டு!

சிலம்பம் கற்ற தோழர் ஒருவர். நாலு பேர் வந்தாலும் நின்று சமாளிக்கக் கூடியவர். கூட்டம் முடிந்து கொடிக்கயிற்றைச் சுருட்டிக் கொண்டிருக்கும் இரவு நேரத்தில், மாற்று முகாமைச் சேர்ந்த ஒருவன் வந்து அவர் சட்டையைப் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தோழர் என்ன செய்யலாம்? எதுவரை செய்யலாம்?

“எலும்பை முறிக்கலாம்” என்பார் சிலர். “பயிற்சி பெற்றவன் கை ஓங்கினாலே குற்றம்” என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு என்கிறோம் நாம்.

தன்னையும் பிறரையும் காக்கும் உரிமை, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 34 முதல் 44 வரை. எண் மாறிற்று, உரிமை மாறவில்லை. ஆலை முதலாளிக்கு உள்ள அதே உரிமை மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் உண்டு. பயில்வானுக்கென்று தனிப் பிரிவு ஏதும் அதில் இல்லை. குத்துச்சண்டைக்காரன் கையை ஆயுதமாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் டீக்கடைக் கதை!

ஆனால், உரிமைக்கு வேலி உண்டு. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் இந்த உரிமை கிடையாது என்கிறது 37ஆம் பிரிவு. உயிர் போகும், கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல், பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்ற கொடுமைகளில்தான் எதிரியின் உயிர் போகுமளவுக்கு எதிர்க்கலாம் என்கிறது 38. ஆபத்து பற்றிய அச்சம் எழும்போது உரிமை எழுகிறது. அச்சம் நீங்கியதும் அதுவும் நீங்குகிறது என்கிறது 40.

கோழையாக ஓட வேண்டுமா? வேண்டியதில்லை. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆனால், ஓடுகிறவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பா? அல்ல! ஆபத்து விலகிய பின் உரிமை இல்லை என்று 1962இலேயே ஜெய் தேவ் வழக்கில் தீர்ப்பாயிற்று. இரு தரப்பும் மோதத் துணிந்து இறங்கிய சண்டையிலும் பொதுவாக யாருக்கும் இந்த உரிமை இல்லை.

இங்கேதான் பயிற்சி பெற்ற தோழருக்குச் சிக்கல். “கழியைத் தட்டிவிடத் தெரிந்தவர் மண்டையில் ஏன் அடித்தார்? எங்கே அடித்தால் உயிர் போகும் என்று அறியாதவரா?” என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். “எனக்குத் தெரியாது” என்ற பதில் மற்றவருக்கு உதவலாம், அவருக்கு உதவாது. தற்காப்பு என்று காட்டும் பொறுப்பும் அவருடையதே. நல்லெண்ணத்தோடு, முன்திட்டமின்றி எல்லை மீறி உயிர் போயிருந்தால் அது கொலை ஆகாமல் போகலாம். ஆனால் கொலையாகாத மரணத்துக்கும் ஆயுள் தண்டனை வரை உண்டு!

ஆகவே தோழர்களே, பிடித்த கையை விடுவியுங்கள், விலகுங்கள், குரல் கொடுங்கள், 112க்குச் சொல்லுங்கள். வீழ்ந்தவன் மீது இரண்டாவது அடி வேண்டாம். காயமிருந்தால் அன்றிரவே அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள்.

முதல் அடியைத் தடுத்தவனுக்குச் சட்டம் துணை நிற்கும். கடைசி அடியை அடித்தவன் சிறைக்குப் போவான். அவன் பிள்ளைகள் பள்ளியை விட்டு வேலைக்குப் போவார்கள். அந்தக் கடைசி அடி நமக்கு வேண்டாம்!